காணாமல் போன பொய்ச் சொல்

போட்டிப் பதிப்பகத்தின் அகராதி முந்திக்கொண்டு வந்துவிட்டது. பதிப்பாளர் அதை மேசைமேல் தொப்பென்று போட்டார்.

"நாலு வருஷமா நீங்க சேர்த்ததெல்லாம் இதுல இருக்கும்மா. நம்ம புத்தகத்தை இனி யார் வாங்குவா?"

அகராதிக்காரி புரட்டினாள். நிலத்தடிச் சொற்கள், ஆங்கிலமும் போர்த்துகீசியமும் எதிரெதிரே. சுரங்கம், சாக்கடை, நிலவறை என்று நிஜமானவை முதலில். பிறகு பேச்சு வழக்கு. நொந்து நூலானவனை ஆங்கிலம் அடிப்பாறையில் உட்கார வைக்கும், போர்த்துகீசியம் கிணற்றின் ஆழத்தில். மண்ணைக் குடையும் மோல் என்ற பிராணி ஆங்கிலத்தில் கூடவே இருக்கும் உளவாளி. அதே பிராணி போர்த்துகீசியத்தில் டோபெய்ரா, அதாவது மரமண்டை. சாக்கடைத் தொழிலாளிகளோடு இறங்கி, மூக்கைப் பொத்திக்கொண்டு அவள் கேட்டெழுதிய சொற்கள்கூட இருந்தன. விளக்கம் மட்டும் கொஞ்சம் முன்னே பின்னே.

"திருடியிருக்காங்க சார்."

"நிரூபிச்சா அவங்க புத்தகத்தையே நிறுத்திடலாம். நீங்க வச்ச பொறி இருக்கா பாருங்க."

அகராதிக்காரர்களின் பழைய தந்திரம் அது. இல்லாத சொல் ஒன்றை நிஜம்போல நடுவில் சொருகி வைப்பது. காப்பியடிப்பவன் கண்ணை மூடிக்கொண்டு அதையும் அள்ளிப்போய்க் கையும் களவுமாக மாட்டுவான். சுரங்கத் தொழிலாளி சாப்பாட்டுத் தூக்கை வைக்கும் பொந்துக்கு அவள் ஒரு பெயரைக் கட்டிவிட்டிருந்தாள். எந்தச் சொல் என்று பதிப்பாளருக்கே தெரியாது. ஒட்டிய உறைக்குள் எழுதிப் பதிப்பகத்தில் கொடுத்து வைத்திருந்தாள்.

தேடினாள். முந்தைய சொல் இருந்தது, அடுத்த சொல் இருந்தது. அது மட்டும் இல்லை.

"இல்லையா? அப்போ அவங்களும் உழைச்சுத்தான் சேர்த்திருக்காங்க. விட்டுடுங்கம்மா, நம்ம புத்தகம் வேண்டாம்."

அவள் புத்தகத்தை மூடினாள். பொறி இருப்பதே தெரியாத திருடன் அதையும் சேர்த்துத்தான் எடுத்திருப்பான். பொறி தெரிந்த கை மட்டும்தான் அதைத் தாண்டிப் போகும். பட்டியலைத் தட்டச்சு செய்தது அவள் கூடப்பிறந்த தங்கை. "இதை நிஜம்னு நம்பிடாதடி" என்று அந்தச் சொல்லைக் காட்டி அவளிடம் மட்டும் சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தாள். பாவி மகள்.

படிக்கட்டில் நின்று போன் போட்டாள்.

"அந்த ஒண்ணை மட்டும் ஏன்டி விட்டுட்ட?"

"அங்க வேலை தர்றேன்னாங்கக்கா. எத்தனை நாளைக்கு உனக்கே தட்டிக்கிட்டு இருக்கறது?"

"நான் போட்ட உழைப்புடி அது. நீதான் கொடுத்தேன்னு பதிப்பாளர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லு, போதும்."

"நான் ஏன்க்கா சொல்லணும்?" என்றாள் தங்கை, ஆறுதல் சொல்லும் குரலில். "உன்கிட்டதான் ஆதாரம் ஒண்ணும் இல்லையே."