இவரே எடுத்த மற்றவை

தம்பியின் வலது கையைக் கதவிடுக்கில் வைத்துக் கதவை இரண்டு முறை சாத்தினார்கள். முதல் முறை அவன் அலறினான். இரண்டாவது முறை சத்தமே வரவில்லை, வாய் மட்டும் திறந்தபடி நின்றது. கீழே டயர் கடையில் காற்றடிக்கும் மிஷின் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. மணி காலை பத்து. அடிப்பதற்கு இருட்டு வேண்டும் என்பதெல்லாம் புதிதாகத் தொழிலுக்கு வந்தவனுக்கு. இவர்களுக்கு இது ஆபீஸ் நேரத்து வேலை.

அக்காவை ஒருவன் கழுத்தைப் பிடித்துச் சுவரோடு அழுத்தியிருந்தான். இன்னொருவன் தம்பியின் தோளில் முழங்காலை ஊன்றியிருந்தான். மூன்றாமவன், சிவப்புச் சட்டைக்காரன், அவளுடைய நாற்காலியிலேயே உட்கார்ந்துகொண்டு கேட்டான்.

"டேங்கர் வீடியோ எடுத்தது யாரு? பேரச் சொல்லு, போயிட்டே இருக்கோம்."

"யாருன்னு எங்களுக்கே தெரியாது."

"பொய் சொன்னா எனக்குப் பிடிக்காதும்மா," என்றவன் எழுந்து வந்து அறைந்தான். அவள் இடது காதுக்குள் விசில் ஊதத் தொடங்கியது.

அவளுக்குத் தெரியும். அக்காவும் தம்பியும் இந்த இரண்டு அறையில் வீடியோ இணையதளத்தை ஆரம்பித்து மூன்று வருடம். ஏரியில் நுரை, எரியும் குப்பைமேடு, வெட்டிச் சாய்த்த மரம், எதை யார் எடுத்து அனுப்பினாலும் போடுவார்கள். அனுப்புகிறவர்களின் முகத்தை மறைப்பது அக்கா பொறுப்பு. கண்ணாடியில் தெரியும் நிழலைக்கூட விடமாட்டாள். இரண்டு வருடம் ஈ ஓட்டினார்கள். ஒரு நாளைக்கு நானூறு பேர் பார்த்தால் பெரிய விஷயம், அதில் பாதி சொந்தக்காரர்கள்.

அப்புறம் கொக்கு வந்தார். சாயத் தொழிற்சாலையில் பாய்லர் பார்ப்பவர். ஏரிக்கரையில் ஒற்றைக் காலை மடக்கி மணிக்கணக்காக நின்று பறவைகளைப் படம் பிடிக்கிற ஆள் என்பதால் அந்தப் பெயர். தொழிலாளர்கள் சாப்பிடப் போகும் நேரம் பார்த்துப் பட்டப்பகலில் அமிலத்தை ஏரியில் திறந்துவிடும் டேங்கர் லாரிகளை அவர்தான் எடுத்து அனுப்பினார். தளத்துக்கு உயிர் வந்ததே அவரால்தான்.

"ஒரு லட்சம் பேர் பாத்துட்டா உங்க போட்டோவ முகப்புல பெருசா போட்டுடுவேன், அண்ணே," என்று ஒருமுறை போனில் கிண்டல் செய்தாள்.

"என் மூஞ்சிய எவன் பாப்பான், தங்கச்சி? பக்கத்துல ஒரு குருவியாவது வை," என்று அவர் சிரித்தார்.

அந்த ஆளைக் காட்டிக்கொடுப்பதா? செத்தாலும் நடக்காது என்று நினைத்தாள். தரையில் கிடந்த தம்பியைப் பார்த்தாள். விரல்கள் இருக்க வேண்டிய திசையில் இல்லை. அவனும் அவளைப் பார்த்து இல்லை என்று தலையை ஆட்டினான். இருபத்தாறு வயதில் ஊசிக்கே பயப்படுகிறவன். அவளுக்கு நெஞ்சு வெடித்துவிடும் போல இருந்தது, பெருமையிலும்தான்.

சிவப்புச் சட்டை மறுபடி உட்கார்ந்தான். தொழிற்சாலை முதலாளி போனில் காட்டிய ஒரு துண்டைத் தவிர அவன் எதையும் பார்த்ததில்லை. "இந்த வீடியோதான். நல்லா பாத்து ஞாபகப்படுத்திச் சொல்லு," என்று கம்ப்யூட்டரில் அதை ஓடவிட்டான். லாரி வந்தது, குழாய் திறந்தது, ஏரி மஞ்சளாகியது, முடிந்தது.

முடிந்ததும் அடுத்தது தானாக ஓடத் தொடங்கியது.

மூன்று நாளைக்கு முன்னால்தான் தம்பி அதைச் செய்திருந்தான். ஒவ்வொரு வீடியோவுக்குக் கீழும் 'இவரே எடுத்த மற்றவை' என்று ஒரு வரிசை. ஒன்று முடிந்தால் அடுத்தது வரும், வந்தவர் எழுந்து போகமாட்டார். பார்வை எண்ணிக்கை மூன்று மடங்கானது. இருவருக்கும் தலைகால் புரியவில்லை. கொக்கு ஆரம்பத்தில் ஆசைக்கு அனுப்பிய குருவி வீடியோ ஒன்று எங்கோ அடியில் கிடந்தது இருவருக்கும் நினைவில்லை. முகமே இல்லாத வீடியோவில் அக்காவுக்கு என்ன வேலை?

சமையலறை ஜன்னல். கூட்டுக்குள் குருவி. பின்னாலிருந்து தகரத்தில் ஆணி இழுத்தது போல ஒரு பெண் குரல்: "அசையாதீங்க. பறந்துடும்." அப்புறம் ஒரு ஆணின் சிரிப்பு.

சிவப்புச் சட்டை தலையைச் சாய்த்தான். இன்னொரு முறை ஓடவிட்டான்.

"டேய், இது நம்ம பேக்டரி கேட்டு டீக்கடைக்காரம்மா குரல்தானே? தினம் வாங்கிக் குடிக்கிறோமே," என்றான். "அப்ப அவ புருஷன் பாய்லர்காரன்தான்."

அக்காவின் கழுத்திலிருந்து கை விலகியது. போகும்போது சிவப்புச் சட்டை நாற்காலியை மேஜைக்குள் ஒழுங்காகத் தள்ளிவைத்தான். "இதுக்கா இவ்வளவு அடி வாங்குனீங்க?" என்றான். உண்மையாகவே வருத்தப்பட்டது போல இருந்தது அவன் குரல்.

அவள் கொக்குவுக்குப் போன் போட்டாள். அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது என்றது. வேலை நேரத்தில் போனை அணைத்து வீட்டுக்காரியிடம் கொடுத்துவிட வேண்டும் என்று அவருக்குச் சட்டம் போட்டவளே அக்காதான். தொழிற்சாலைக்குப் போட்டாள், மணி அடித்துக்கொண்டே இருந்தது. போலீசுக்குப் போட்டாள், எந்த ஸ்டேஷன் எல்லை என்று கேட்டார்கள்.

"நீ போக்கா," என்றான் தம்பி. "டயர் கடைக்காரர் என்னைப் பாத்துப்பாரு. போ."

ஸ்கூட்டரை எடுத்தாள். இருபது நிமிட வழியைப் பன்னிரண்டு நிமிடத்தில் போனாள். அந்தப் பன்னிரண்டு நிமிடம் போதவில்லை.

பதினொரு மணி டீக்கு வெளியே வந்த ஆளை அப்படியே பிடித்துவிட்டார்கள். கேட்டுக்கு எதிரே, கடை வாசலில், முப்பது நாற்பது பேர் டீ கிளாசும் கையுமாகப் பார்க்க, இரும்புக் கம்பியால் அடித்திருந்தார்கள். முதலில் கால், நிற்கிற காலாகப் பார்த்து. அப்புறம் தலை. அவள் போய்ச் சேர்ந்தபோது வேலை முடிந்து வண்டியில் ஏறிக்கொண்டிருந்தார்கள். வேடிக்கை பார்த்தவர்களில் ஒருத்தன் கையில் இருந்த கிளாசும் கீழே விழவில்லை, அதை நினைத்தால்தான் அவளுக்கு இன்றைக்கும் ஆத்திரம் அடங்கவில்லை.

மண்ணில் மண்டியிட்டு அவர் தலையை மடியில் எடுத்து வைத்தாள். "அண்ணே, நான் சொல்லல, அண்ணே," என்றாள். அதைக் கேட்க அவர் இல்லை.

அடுப்புக்குப் பின்னால் டீக்காரம்மா நின்றிருந்தாள். கன்னம் கிழிந்து ரத்தம் கழுத்துக்கு இறங்கியிருந்தது. போய் விழுந்து தடுத்தவளை இரண்டு முறை தூக்கி எறிந்திருக்கிறார்கள். மூன்றாவது முறை அவள் போகவில்லை, அணைத்து வைத்திருந்த அவர் போனைத் திறந்து வீடியோ எடுத்திருக்கிறாள். பால் பொங்கி அடுப்பை அணைத்ததுகூடத் தெரியாமல் அதையே பிடித்துக்கொண்டு நின்றாள்.

"எல்லாம் இதுல இருக்கு," என்று நீட்டினாள். "எவன் மூஞ்சியையும் மறைக்காதம்மா. அவரு மூஞ்சியையும்தான்."

"உங்க குரலும் இதுல இருக்குமே, அண்ணி."

"இருக்கட்டும். இனிமே யாருக்குத் தெரியக்கூடாது?"

அன்று பிற்பகலே போட்டாள். மறுநாள் மதியத்துக்குள் ஒரு லட்சத்தைத் தாண்டியது. அதற்கு மறுநாள் மூவரையும் பிடித்தார்கள், முதலாளி மட்டும் ஆஸ்பத்திரியில் போய்ப் படுத்துக்கொண்டார். முகப்பில் கொக்குவின் படத்தைப் பெரிதாகப் போட்டாள். வாக்குக் கொடுத்திருந்தாளே.

தம்பி வலது கையில் கட்டோடு உட்கார்ந்து, இடது கையால் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டி அந்த வரிசையை எல்லா வீடியோவிலிருந்தும் எடுத்துக்கொண்டிருந்தான். அவன் அழுவதை அவள் பார்க்காத மாதிரி இருந்தாள். கடைசியில் கொக்குவுடையது வந்தபோது நிறுத்தி அவளைப் பார்த்தான். அவள் டீக்காரம்மாவுக்குப் போன் போட்டு, குருவி வீடியோவை அழித்துவிடட்டுமா, அதைப் பார்த்துத்தான் அவர்களுக்குத் தெரிந்தது என்று, சொல்ல வேண்டிய அந்த ஒன்றையும் சொல்லிவிட்டாள்.

இதோடு டீக்காரம்மா போனை வைத்துவிடுவாள் என்று நினைத்தாள்.

"அது மட்டும் கெடக்கட்டும்," என்றது அந்தக் கரகரப்பு. "அவரு சிரிச்சது அதுல ஒண்ணுலதான் இருக்கு."