முப்பத்திரண்டும் நாற்பதும்

என் மனைவியின் சைக்கிளுக்கு முன் சக்கரத்தில் முப்பத்திரண்டு கம்பி, பின் சக்கரத்தில் நாற்பது. அந்தக் காலத்து வண்டி அப்படித்தான். பாரம் விழுவது பின்னால் என்பதால் அங்கே எட்டுக் கம்பி கூடுதல். நடுவில் இருக்கும் ஹப்பிலும் வெளிவட்டமான ரிம்மிலும் ஓட்டைகள் அதே எண்ணிக்கையில் இருந்தால்தான் சக்கரம் கட்ட முடியும். இதில் பெரிய வேதாந்தம் ஒன்றும் இல்லை. அச்சகத்தில் முப்பத்தேழு வருடம் பிழை திருத்தியவனுக்கு இரண்டு எண்களை நினைவில் வைத்துக்கொள்வது கஷ்டமா? ஆனாலும் தேய்ந்துபோன சக்கரங்களை மாற்றப் புது ரிம்மும் ஹப்பும் இரண்டு முறை தப்பாக வாங்கினேன்.

முதல் முறை, இரண்டு ரிம்மிலும் முப்பத்தாறு ஓட்டை. இரண்டாம் முறை எண்கள் சரி, ஆனால் முன் ஹப்பில் நாற்பது, பின் ஹப்பில் முப்பத்திரண்டு. சைக்கிள் கடைக்காரர் முப்பத்திரண்டு பல்லும் தெரியச் சிரித்தார். கோணிப்போன சக்கரத்தை நிமிர்த்துவதில் கெட்டிக்காரர் என்பதால் தெருவே அவரைப் பெண்டு மாஸ்டர் என்றுதான் கூப்பிடும்.

"என்ன சார், புத்தகத்துல ஒரு புள்ளி விட்டுப்போனாக்கூடக் கண்டுபிடிச்சிருவீங்களாம். இங்க எட்டு ஓட்டையக் கோட்டை விட்டுட்டீங்களே!"

"ஆனைக்கும் அடி சறுக்கும்."

"சறுக்கட்டும். ஒரே எடத்துல ரெண்டு தடவையா சறுக்கும்?"

 எனக்குக் காரணம் தெரியும். மகளின் பிரசவத்துக்கு ஆறு மாதம் இருந்துவிட்டு வருகிறேன் என்று என் மனைவி வெளிநாட்டுக்குப் போனாள். பேத்திக்கு இப்போது நான்கு வயது. கிளம்பும்போது, "நான் வர்றதுக்குள்ள வண்டியச் சரி பண்ணி வைங்க" என்றாள். வண்டி தயாரானதும் "எப்ப வர்ற?" என்று கேட்டுவிடுவது என்று இருந்தேன். தயாராகாத வரைக்கும் கேட்க வேண்டியதில்லை. கேட்டால் பதில் வந்துவிடுமே, அதுதான் பயம்.

சக்கரம் இல்லாத அந்த வண்டி என் முன்னறையில் தலைகீழாக நின்றது. அதைப் பார்த்துக்கொண்டேதான் சாப்பிடுவேன். ஓர் ஆளுக்குச் சமைக்கிற அளவு எனக்கு இன்னும் கைவரவில்லை. மிச்சத்தை மறுநாளும் தின்றேன். டிவியில் அடியில் ஓடும் செய்தியில் பிழை இருந்தால், "ஒற்று எங்கடா போச்சு?" என்று கத்துவேன். "பக்கத்து வீட்டுக்காரங்க பயந்துக்கப் போறாங்க" என்று அதட்ட ஆள் இல்லை. தனிமை என்று இதைத்தான் சொல்வார்கள் போலிருக்கிறது. கத்துவதைவிட, கத்திய பிறகு வரும் அமைதிதான் தாங்கவில்லை.

போன செவ்வாய்க்கிழமை மாஸ்டரே ஆள் விட்டுக் கூப்பிட்டார். இனி என்னை வாங்க விட்டால் யுகம் முடிந்துவிடும் என்று அவரே இரண்டு ஜோடி வரவழைத்திருந்தார். ஒன்று, மூடிப்போன ஏதோ கடையின் பரணில் கிடந்த இரும்பு ரிம், அதற்கேற்ற ஹப். முப்பத்திரண்டும் நாற்பதும், அசல். இன்னொன்று, இந்தக் காலத்து அலுமினியம். முன்னும் பின்னும் முப்பத்தாறு.

"இரும்புன்னா பழைய பிரேக்கே உட்காரும். அலுமினியம் லேசு, துரு பிடிக்காது. ஆனா பிரேக்க மொத்தமா மாத்தணும். ஓட்டப்போறவங்களயே கேட்ருங்க சார்."

கடை ஸ்டூலில் உட்கார்ந்தே போன் போட்டேன். அங்கே காலை நேரம். பேத்திக்குச் சாப்பாடு ஊட்டும் ஸ்பூன் சத்தம் கேட்டது.

"ஏங்க, சாப்டீங்களா?"

"ஆச்சு. உன் வண்டிக்கு ரிம் வந்திருக்கு. இரும்பா, அலுமினியமா?"

அவள் யோசிக்கவே இல்லை. "அலுமினியமே போடச் சொல்லுங்க. இரும்பு ரிம் மழையில நனைஞ்சா பிரேக் வழுக்குது. பிடிக்கவே மாட்டேங்குது."

முப்பது வருடம் அந்த வண்டியில் வேலைக்குப் போனவள். மழை நாளில் ஒருமுறைகூட அதை வெளியே எடுத்ததில்லை. துருப்பிடிக்கும் என்று பழைய போர்வையைப் போட்டு மூடிவிட்டு பஸ்ஸில் போவாள். 'வழுக்கும்' என்று சொல்லியிருந்தால் யாரோ சொல்லிக் கேட்டது என்று விட்டிருப்பேன். 'வழுக்குது' என்றாள். நிகழ்காலம்.

"வழுக்குதா?" என்றேன்.

ஸ்பூன் சத்தம் நின்றது.

"இங்க ஒரு பழைய சைக்கிள் வாங்கினேங்க. பாப்பாவ ஸ்கூல்ல விட்டுட்டு வர்றதுக்கு. போன வருஷமே. சொல்லணும் சொல்லணும்னுதான் இருந்தேன்."

"நல்லதுதானே."

"கோவமா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல."

கோபம்தான். சைக்கிள் வாங்கியதற்கு இல்லை. பெட்டி கட்டப் போகிறவள் சைக்கிள் வாங்கமாட்டாள். நான் கேட்காமல் பொத்திப் பொத்தி வைத்திருந்த கேள்விக்குப் பதில் போன வருடமே முடிவாகியிருக்கிறது. நான்தான் இங்கே ஓட்டை எண்ணிக்கொண்டிருந்திருக்கிறேன்.

ஸ்பூன் சத்தம் மறுபடி கேட்டது. பிறகு அவள் மெதுவாகச் சொன்னாள்: "நீங்க இரும்பே போட்டுக்குங்க. உங்களுக்குப் பழசுதானே பிடிக்கும். சீட்ட மட்டும் ஏத்திக்குங்க. என் உயரத்துக்கு வச்சு ஓட்டினா உங்களுக்கு முட்டி இடிக்கும்."

போனை வைத்தேன். மாஸ்டர் என் முகத்தைப் பார்த்தார்.

"இரும்பு" என்றேன். "முன்னுக்கு முப்பத்திரண்டு, பின்னுக்கு நாப்பது." ரிம்மையும் ஹப்பையும் வாங்கி ஓட்டைகளை ஒவ்வொன்றாக விரல் வைத்து எண்ணினேன். இந்த முறை ஒன்றும் தப்பவில்லை.

வெள்ளிக்கிழமை சக்கரங்கள் தயார். வண்டியை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனேன். மாஸ்டர் சக்கரத்தை மாட்டிச் சுழற்றிவிட்டார். துளி கோட்டம் இல்லை, தண்ணீர் மாதிரி ஓடியது. பிறகு ஸ்பேனரை எடுத்துக்கொண்டு சீட்டுக்கு வந்தார்.

"இது இப்படியே இருக்கட்டுமா சார்?"

"நாலு விரக்கடை ஏத்துங்க."

ஏற்றப்போனவர் கையை நிறுத்தினார். "அவ்வளவு ஏத்தினா அக்காவுக்குக் கால் எட்டாதே சார்?"

"எட்டாது" என்றேன்.