ஒரே பாட்டில் குணமானவன்

பீரோவின் அடித்தட்டிலிருந்து துணிகளை அள்ளிக் கட்டிலில் போட்டுக்கொண்டிருந்தாள் சரிதா. அப்போது அவள் கணவன் நந்தகுமாரின் கைப்பேசி அடித்தது. அவன் வாசலில், பந்தலுக்குக் கீழே, கண்ணாடிப் பெட்டிக்குள் படுத்திருந்தான். விஷயம் தெரியாமல் யாரோ கூப்பிடுகிறார்கள் என்று நினைத்துக் கதவோரம் நின்ற பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சரிதா எடுத்து நிறுத்தினாள். அது அழைப்பில்லை, காலை மாத்திரைக்கான அலாரம். திரையில் அவன் வைத்திருந்த பெயர் வந்தது: கதாநாயகி.

"துணியெல்லாம் எதுக்குக் கண்ணு கலைக்கற? ஒரு வேட்டி சட்டை போதும்" என்றாள் நந்தகுமாரின் பெரியம்மா மாரக்காள். "அவனுக்குப் புடிச்சது, அன்னாடம் கைல எடுத்தது, அத எடுத்தா."

அந்தக் குடும்பத்தின் வழக்கம் அது. எடுப்பதற்கு முன் இறந்தவரின் தலைமாட்டில் வாழையிலை போட்டு, அவருக்குப் பிடித்ததையும் தினமும் கையில் எடுத்ததையும் வைப்பார்கள். பிறகு அதெல்லாம் அவரோடு குழிக்குள் போகும். மாமனாருக்கு வெற்றிலைப் பெட்டி போனது. மாமியாருக்கு மூக்குக்கண்ணாடியும் மூக்குப்பொடி டப்பாவும்.

நந்தகுமாருக்கு என்ன வைப்பது? திருச்செங்கோட்டில் போர்வெல் வண்டிகளுக்கு உதிரிபாகம் விற்கிற கடை அவனுடையது. நேற்று மதியம் கல்லாவில் உட்கார்ந்திருந்தவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டான். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது. சரிதா வேட்டியை எடுத்தாள், வைத்தாள், வேறு எடுத்தாள். ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. உட்கார்ந்தால் அழுகை வந்துவிடும், அழுதால் வாய்விட்டு எதையாவது சொல்லிவிடுவோம் என்று பயமாக இருந்தது.

ஜன்னலுக்கு வெளியே மாரக்காள் அதற்குள் கதையை ஆரம்பித்திருந்தாள்.

"கல்யாணத்துக்கு முன்னால இவன் பட்ட பாடு! ராத்திரி பகலாத் தூங்க மாட்டான். பத்து ரிக்கு வண்டி வாங்கறேன், மலையவே வாங்கறேன்னு ரோட்டுல திரிஞ்சான். அப்பறம் ஒரு மாசம் செவுத்தப் பாத்துப் படுத்துக்குவான். இந்த மகராசி வந்தா பாரு, சினிமால வர்ற மாதிரி பாசத்தாலயே சரி பண்ணிப்போட்டா."

கேட்டவர்கள் உச்சுக்கொட்டினார்கள். சரிதாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அந்த மாதிரிப் படம் ஞாயிற்றுக்கிழமை டிவியில் வந்தால் நந்தகுமார் விட மாட்டான். பொரிகடலைத் தட்டோடு முன்னால் உட்கார்ந்துகொள்வான். கதாநாயகனுக்குப் புத்தி பேதலிக்கும். தாடி வளரும், சங்கிலி போடுவார்கள். கதாநாயகி வந்து அழுதுகொண்டே பாடுவாள். பாட்டு முடியும்போது அவன் அவள் பெயரைச் சொல்லுவான், தாடியும் போயிருக்கும்.

"பாத்தியா சரிதா, ஒரே பாட்டு!" என்றான் ஒருநாள். "எனக்கு மாத்திரை அளவு சரியா வர்றதுக்கே ரெண்டு வருசம் ஆச்சு. இவனுக்கு நாக்கு வறளல, கை நடுங்கல, தொப்பை போடல. எந்தப் படத்துலயாச்சும் ஈரோயினி ரத்தம் டெஸ்டுக்குச் சேலத்துல வரிசைல நின்னிருக்காளா?"

"நான் நின்னேன்."

"அதான் உன்னய எவனும் படம் எடுக்கல."

மறுநாள் மாத்திரை அலாரத்துக்குக் கதாநாயகி என்று பெயர் வைத்தான்.

ஆனால் இந்தச் சிரிப்பெல்லாம் நாலு சுவருக்குள்தான். மாத்திரை தின்கிறான் என்று தெரிந்தால் கடைக்கு எவன் வருவான் என்று மாமியார் சத்தியம் வாங்கியிருந்தாள். மாத்திரை சத்துமாவு டப்பாவுக்குள் இருந்தது. சேலத்துக்குச் சரக்கெடுக்கப் போவதாகச் சொல்லி டாக்டரிடம் போவார்கள். கல்யாணத்தோடு சரியாகிவிட்டது என்பதை அவன் தங்கை சௌமியாவே நம்பினாள்.

சௌமியா இப்போது உள்ளே வந்து கதவைச் சாத்தினாள். தோளில் கைப்பை. அழுது அழுது முகம் வீங்கியிருந்தது.

"அண்ணி, இந்த நேரத்துல பேசறனேன்னு தப்பா நெனைக்காதீங்க. நம்ம யாழினியப் பாக்க வர்றம்னு சொன்னாங்கள்ல, வேலூர்க்காரங்க, அவங்க சாவுக்கு வாராங்களாம். அவ நோவப் பத்தி ஏதாச்சும் காதுல உழுந்து கேட்டா, அண்ணனும் இப்படித்தான் இருந்தாரு, கல்யாணத்தோட சரியாப் போச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லிப்போடுங்க. நீங்க சொன்னா நம்புவாங்க."

"அவ மாத்திரை?"

"போன வாரமே நிறுத்திட்டனுங்க. கை நடுங்குதுங்க அண்ணி. பொண்ணு பாக்க வர்றப்போ காப்பித் தட்டு ஆடுச்சுன்னா என்ன பண்றது? ஊட்டுல வெச்சா எடுத்துத் தின்னுபோடறான்னு பைலயே வெச்சிருக்கறேன்."

சரிதா ஜன்னல் வழியாகப் பார்த்தாள். சௌமியாவின் மகள், கல்லூரியில் படிக்கிற யாழினி, மாமனின் பெட்டி மேலிருந்த மாலைகளை எடுத்து அடுக்கினாள். கலைத்தாள். மறுபடி அடுக்கினாள். யாரும் கேட்காமலே, மாமா பேரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி கட்டப்போவதாக மூச்சுவிடாமல் சொல்லிக்கொண்டிருந்தாள். கண் பளபளவென்று இருந்தது.

"தூங்கறாளா?"

"மாமன்னா அவளுக்கு உசுரு. எப்படித் தூங்குவா?"

"மாமன் செத்தது நேத்துதான சௌமியா. அதுக்கு முன்னால?"

சௌமியா கைப்பையை இன்னொரு தோளுக்கு மாற்றினாள்.

யாழினி இரண்டு நாளாகத் தூங்காமல் பேசுகிறாள் என்பது நந்தகுமாருக்குப் போனிலேயே புரிந்திருந்தது. "ஞாயித்துக்கிழமை சௌமியாவ வரச்சொல்லி எல்லாத்தையும் சொல்லிப்போடலாம். அம்மாகிட்டப் பண்ணுன சத்தியம் அம்மாவோட போச்சு" என்றான். ஞாயிறு வருவதற்குள் அவன் போய்விட்டான். இந்த மனுசனுக்கு எதிலும் அவசரம்தான் என்று சரிதாவுக்குக் கோபம் வந்தது. கோபத்தோடு கண்ணும் நிறைந்தது.

"கண்ணு, எடுக்கற நேரமாச்சு!" என்று மாரக்காள் குரல் கொடுத்தாள்.

சரிதா சமையலறைக்குப் போனாள். சத்துமாவு டப்பாவைத் திறந்து எடுத்ததை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு வெளியே வந்தாள். வேலூர்க்காரர்கள் அப்போதுதான் மாலையோடு உள்ளே நுழைந்திருந்தார்கள்.

இலையில் வேட்டி சட்டையை வைத்தாள். பொரிகடலையை வைத்தாள். பிறகு பாதி தீர்ந்திருந்த மாத்திரை அட்டையை நேராக்கி அதன் பக்கத்தில் வைத்தாள்.

மாரக்காள் குனிந்தாள். "இதென்ன கண்ணு, சக்கரை மாத்திரையா?"

"இல்லீங்க அத்தை. அப்ப வந்துச்சே, அந்த நோவுக்குங்க. அன்னைக்கிருந்து நேத்துக் காலைல வரைக்கும் தின்னாருங்க."

வேலூர்க்காரர் கையில் மாலை அப்படியே இருந்தது.

"அண்ணி!" என்று சௌமியா அவள் கையைப் பிடித்தாள். "என்ன பேசறீங்க? கல்யாணத்தோட சரியாப் போச்சுன்னு அம்மா சொன்னாங்க."

"கல்யாணமும் ஆச்சு. மாத்திரையும் தின்னாரு. கை நடுங்கிட்டேதான் எனக்குத் தாலி கட்டுனாரு சௌமியா. நடுங்குன கையோடதான் இத்தன வருசம் பொழச்சோம். நல்லாத்தான் பொழச்சோம்."

நேற்றிலிருந்து முதல் முறையாகக் கீழே உட்கார்ந்தாள்.

யாழினி மாலைகளை விட்டுவிட்டு இலையருகே வந்தாள். குனிந்து அட்டையில் இருந்த பெயரைப் படித்தாள். உதடுகள் அசைந்தன. பெட்டிக்குள் இருந்த முகத்தைப் பார்த்தாள்.

"மாமாவுமா?" என்றாள்.

சரிதா தலையசைத்தாள்.

மாலையைப் பெட்டியின் மேல் வைத்துவிட்டு வேலூர்க்காரர்கள் ஓரமாகப் போய் நின்றார்கள். மேளக்காரர்கள் டீ குடிக்க நிறுத்தியிருந்தார்கள். யாழினி அம்மாவின் முன்னால் கையை நீட்டினாள். அந்தக் கை நடுங்கவில்லை.

சௌமியா வேலூர்க்காரர்களைப் பார்த்தாள். அண்ணனைப் பார்த்தாள். பிறகு கைப்பையின் ஜிப்பைத் திறக்கும் சத்தம் கேட்டது.

"தண்ணி கொண்டாங்க" என்றாள் மாரக்காள், யாரிடம் என்றில்லாமல்.