வேலிப்பருத்தியில் பூத்த முல்லை

சாலமோன் வாத்தியாருக்கு இருபத்தேழாம் வாய்ப்பாடு வரைக்கும் தலைகீழாகச் சொல்லத் தெரியும். செடி, கொடி என்று வந்துவிட்டால் மனிதர் சுத்தப் பூஜ்யம். தூத்துக்குடியில் உப்பளத்துக்குப் பக்கத்துத் தெருவில் பிறந்து வளர்ந்தவர். அவர் பார்த்த ஒரே கொடி, துணி காயப்போடுகிற கொடிதான்.

அப்படிப்பட்டவருக்கு அருப்புக்கோட்டைப் பக்கம் பரளச்சியில் கணக்கு வாத்தியார் வேலை கிடைத்தது. வாடகைக்குக் கிடைத்த வீடோ மேற்கே பார்த்தது, தலைக்கு மேலே சிமெண்ட் சீட்டு. மத்தியானம் ஆனால் வெயில் வாசல் வழியாக நேரே உள்ளே வந்து பாயில் படுத்துக்கொள்ளும். மனைவி ஞானப்பூ நாகர்கோவில்காரி, வாய்க்கால் கரையில் வளர்ந்தவள். மூன்று மாதக் கைக்குழந்தை அபிஷாவுக்கு உடம்பெல்லாம் வேர்க்குரு. பகலில் ஒரு பொட்டு உறக்கம் கிடையாது, ஓயாத அழுகை. எண்பத்தெட்டாம் வருஷத்துச் சித்திரையில் பாதியைப் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டியவள், ஒருநாள் பெட்டியைக் கட்டிவிட்டாள்.

"உங்க மேல எனக்கு ஒரு கோவமும் இல்ல. ஆனா இந்த அடுப்புக்குள்ள வச்சுப் பிள்ளைய வளக்க என்னால ஏலாது. வாசல்ல கொஞ்சம் நிழலு, நாலு முல்லைப்பூ, அது வரட்டும். நானும் வாறேன்."

மாற்றல் கேட்டு எழுதிப் போட்டார் சாலமோன். கிணற்றில் போட்ட கல்தான். ராத்திரிச் சோற்றைத் தனியாக உண்டு, தட்டைத் தனியாகக் கழுவி, ஐந்து மாதம் போனது. மகள் குப்புற விழுந்ததையும் தவழ்ந்ததையும் இன்லாண்டு லெட்டரில் படித்துத்தான் தெரிந்துகொண்டார். போதுமடா சாமி என்று ஆகிவிட்டது. ஐப்பசி மழை இறங்கியதும் டீக்கடையில் விசாரித்தார்.

"கொடி ஏத்தணுமா? எம்.ரெட்டியபட்டியில மாமன் மச்சான் ரெண்டு பேரு இருக்கானுக, சீனிச்சாமி, ஆண்டிச்சாமின்னு. அவனுக கை வச்சா பட்ட கம்பும் துளுக்கும்," என்றார் கடைக்காரர்.

சொன்னது சத்தியம். ஆனால் அந்த இருவரும் பிறந்ததிலிருந்து பார்த்த வேலை என்ன என்பதை அவரும் சொல்லவில்லை, இவரும் கேட்கவில்லை. பருத்திக் காட்டுக்கும் மிளகாய்த் தோட்டத்துக்கும் வேலி கட்டுகிறவர்கள் அவர்கள். அவர்கள் அகராதியில் கொடி என்றால் வேலியில் ஏறுவது. ஆடு வாய் வைத்தால் கெட்ட கொடி, வைக்காவிட்டால் நல்ல கொடி. அவ்வளவுதான் அவர்களுடைய சாஸ்திரம்.

"வாசல்ல பந்தல் போட்டு முல்லை ஏத்தணும்," என்று சாலமோன் தெளிவாகத்தான் சொன்னார்.

"அதெல்லாம் நாங்க பாத்துக்கிறோம், வாத்தியாரய்யா. நீங்க பள்ளிக்கூடத்துக்குப் போங்க," என்றார் சீனிச்சாமி.

சாயங்காலம் வந்து பார்த்தால் பந்தக்கால் நட்டு, குழி வெட்டி, இரண்டு வகையாக ஏதேதோ ஊன்றியிருந்தது. அதைவிட வேடிக்கை, ஆண்டிச்சாமி கையில் ஒரு வெள்ளாட்டைப் பிடித்துக்கொண்டு நின்றதுதான். காலையிலிருந்து பட்டினி போட்ட ஆடாம். அதைக் குழிக்குப் பக்கத்தில் அவிழ்த்து விட்டார்கள். ஆடு வந்தது, மோந்தது, ஒரு தும்மல் போட்டது, திரும்பிப் போனது. இரண்டு பேரும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வேலை முடிந்தது என்றார்கள்.

சாலமோன் அதை இந்தப் பக்கத்துச் சடங்கு என்று நினைத்துவிட்டார். வேறு மதத்துச் சடங்கில் குறுக்கே நிற்கக்கூடாது என்று செருப்பைக் கழற்றிப் போட்டு, தன் பங்குக்குக் கண்ணை மூடி ஒரு சின்ன ஜெபம் செய்தார். ஆடு தின்றுவிடக் கூடாதென்று வாத்தியார் வேண்டுகிறார் போலிருக்கிறது, எவ்வளவு தங்கமான மனுசன் என்று மாமனும் மச்சானும் உருகிப்போனார்கள்.

கொடி என்றால் கொடி, அப்படி ஒரு கொடி! தை பிறப்பதற்குள் பந்தலை மூடிவிட்டது. வெளிறிய வெள்ளையில் கொத்துக் கொத்தாகப் பூ. வாசனைதான் கொஞ்சம் ஒரு மாதிரி இருந்தது. சாலமோன் தனக்கு ஜலதோஷம் என்று முடிவு கட்டி, 'முல்லை பூத்துவிட்டது, வாசல் பூராவும் வாசனை' என்று நாகர்கோவிலுக்கு எழுதினார்.

லெட்டரைப் பெட்டியில் போட்டுவிட்டுத் திரும்புகிறார், எதிர்வீட்டுப் பிச்சையம்மாள் வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு சிரிக்கிறாள்.

"வாத்தியாரய்யா, கேக்கேன்னு தப்பா நினைக்காதீக. வேலிப்பருத்திய எதுக்கு வீட்டு வாசல்ல ஏத்தியிருக்கீக? அடியில வேற பிரண்டைய நட்டு வச்சிருக்கீக! இந்தக் கொடிய ஊரு பூராவும் வேலியிலருந்து பிச்சு எறியுது!"

சாலமோன் சைக்கிளை எடுத்தார். எம்.ரெட்டியபட்டியில் ஒரு மிளகாய்த் தோட்டத்தில் வேலி கட்டிக்கொண்டிருந்தவர்களைப் பிடித்து, தன் வாழ்நாளில் முதல் தடவையாகச் சத்தம் போட்டார்.

"முல்லைன்னு சொன்னேனாய்யா இல்லையா?"

"சொன்னீக," என்றார் சீனிச்சாமி, அசராமல். "முல்லைய ஆடு ஒரே நாள்ல மொட்டையடிச்சிரும். தண்ணிக்கு எங்க போவீக? குடிக்கவே அரை மைலு நடக்கீக. வேலிப்பருத்தின்னா வானம் பாத்துக் கெடக்கும். அடியில பிரண்டை இருக்கதால ஆடு கிட்டயே அண்டாது. உங்க நல்லதுக்குத்தான் செஞ்சோம்."

"ஆட்டை விட்டுக் காமிச்சோம்ல. நீங்களும் கும்பிட்டுக்கிட்டு நின்னீக," என்றார் ஆண்டிச்சாமி.

 சாலமோன் சைக்கிளைத் திருப்பினார். அப்போதே ஞானப்பூவுக்கு உண்மையை எழுதியிருக்கலாம். எழுதவில்லை. எழுதினால் வரமாட்டாளே என்கிற பயம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை அங்கேதான் தொடங்கியது. மாசியில் முல்லை இரண்டாம் தடவை பூத்தது. பங்குனியில் பிச்சையம்மாள் தினம் ஒரு முழம் பறித்துப் போனாள். எல்லாம் லெட்டரில்!

சித்திரையில் பதில் வந்தது. 'சனிக்கிழமை வாறேன். சரியான வெயிலில் வந்து பார்த்தால்தான் தெரியும். சரிப்பட்டால் இருப்பேன், இல்லாட்டி பெட்டியைத் திறக்காமல் திரும்பிவிடுவேன். பிறகு என்னைக் கூப்பிடக் கூடாது.'

சனிக்கிழமை விடியக்காலையில் சாலமோன் அருப்புக்கோட்டைக்கு முதல் பஸ்ஸில் ஓடி, இரண்டு கிலோ முல்லை வாங்கி வந்தார். மாமனும் மச்சானும் தகவல் கேட்டு வந்து நின்றார்கள். குடும்பம் பிரியப் போகிறதென்றதும் அவர்களுக்கும் மனசு கேட்கவில்லை. வேலிப்பருத்திக் கொடி நெடுக மூன்று பேருமாக வாழைநாரால் முல்லையைக் கட்டினார்கள். வேலி கட்டிய கை அல்லவா, முடிச்சு ஒவ்வொன்றும் காளையைக் கட்டினாலும் அறாது.

பஸ் இரண்டு மணி நேரம் தாமதம். அக்கினி வெயிலில் மொட்டெல்லாம் பழுப்பேறித் தொங்கிப்போனது. ஒன்றரை மணிக்கு ஞானப்பூ இறங்கினாள். இடுப்பில் ஒன்றேகால் வயசு அபிஷா, வேர்த்து வடிந்து கத்திக்கொண்டிருந்தாள். சாலமோன் கை நீட்டினார். பிள்ளைக்கு ஆள் தெரியவில்லை. இன்னும் உரக்கக் கத்தியது.

ஞானப்பூ பந்தலை அண்ணாந்து பார்த்தாள். எட்டி ஒரு பூவைப் பறித்தாள். பூவோடு ஒரு முழம் வாழைநாரும் வந்தது. அதைக் கண்ணுக்கு நேரே தூக்கிப் பிடித்தாள். இலையைக் கிள்ளி மோந்து பார்த்தாள்.

"இது என்ன கொடி?"

"வேலிப்பருத்தி," என்றார் சாலமோன். அதற்கு மேல் பொய் சொல்ல அவரிடம் தெம்பில்லை.

"எங்க மேல தப்பு, தாயி. வாத்தியாரய்யா முல்லைதான் கேட்டாக," என்று இழுத்தார் சீனிச்சாமி.

"நீங்க என்னத்த நட்டாலும் நட்டுட்டுப் போங்க. எனக்கு எழுதினது இவங்கதான?" ஞானப்பூ சாலமோன் பக்கம் திரும்பினாள். "வாசனைன்னு எழுதினியளே! அம்மைக்கு வாசிச்சுக் காட்டினேன், தெருவுல எல்லாருக்கும் சொன்னேன். நிழல் இல்லன்னு போனவ நான். பொய்யோட எப்பிடி இருக்க?"

"வரமாட்டியேன்னு பயந்துட்டேன்," என்றார் சாலமோன். "தனியா இருக்க முடியல, ஞானப்பூ."

அவள் வீட்டுக்குள் காலே வைக்கவில்லை. "இந்த பஸ்ஸு எப்ப திரும்பும்?" என்று கேட்டாள். நாலு மணி என்றார் ஆண்டிச்சாமி, தரையைப் பார்த்துக்கொண்டே. பெட்டியைப் பந்தலுக்குக் கீழே போட்டு அதன்மேல் உட்கார்ந்துவிட்டாள். மாமனும் மச்சானும் மெல்ல நழுவினார்கள். சாலமோன் ஒரு சொம்புத் தண்ணீரைப் பக்கத்தில் வைத்துவிட்டுப் படியில் உட்கார்ந்தார்.

வெளியே தெரு வெள்ளையாகக் காந்தியது. பந்தலுக்குள் ஒரு பொட்டு வெயில் இறங்கவில்லை. அகல அகலமான இலை, அடுக்கடுக்காக. மண்தரை குளுகுளுவென்று இருந்தது. அபிஷா கொஞ்ச நேரம் சிணுங்கினாள். தரையில் இறங்கித் தவழ்ந்து, உதிர்ந்த முல்லையைப் பொறுக்கி வாயில் வைத்து, துப்பினாள். பிறகு அம்மாவின் மடியில் ஏறினாள். சத்தம் நின்றுவிட்டது. ஞானப்பூ சேலைத் தலைப்பால் விசிறிக்கொண்டிருந்தவள், விசிற வேண்டியில்லை என்று தெரிந்து கையை நிறுத்தினாள்.

நாலு மணிக்கு ஆரன் கேட்டது. சாலமோன் எழுந்தார். போகிறவளைத் தடுக்க அவருக்கு வாய் இல்லை, உரிமையும் இல்லை. பெட்டியைத் தூக்கிக் கொடுக்கவாவது செய்யலாம் என்று கிட்டே வந்தார். ஞானப்பூ எழுந்திருக்கவில்லை. தெருமுனையில் பஸ் நின்றது. கண்டக்டர் இரண்டு தடவை விசிலடித்துப் பார்த்தார்.

"சத்தம் போட வேண்டாம்னு சொல்லுங்க," என்றாள் ஞானப்பூ, மெதுவாக. "பிள்ளை உறங்குது."

பஸ் போய்விட்டது. சாலமோன் அப்படியே நின்றார். கேட்கவும் பயம், கேட்காமல் இருக்கவும் முடியவில்லை.

"அப்ப, நாளைக்கு நாலு மணி பஸ்ஸுக்கா?"

அவள் மடியில் கிடந்த மகளைப் பார்த்தாள்.

"நாளைக்கும் இந்நேரம் உறங்கத்தான செய்வா," என்றாள்.