இறுகிப்போன வளையம்

இப்போதெல்லாம் ஆட்களுக்கு வாயால் திருத்தத்தான் தெரிகிறது. கிட்டங்கித் துறையில் என் படகைச் சுற்றிப் பத்துப் பேர் நின்றார்கள். சூடு காட்டு என்றான் ஒருத்தன். உளியால் கொத்து என்றான் இன்னொருத்தன். ஸ்பானரின் மறுமுனையைப் பிடிக்க ஒருத்தனும் வரவில்லை.

அது வெளிநாட்டுத் திட்டக்காரர்கள் விட்டுப்போன ஜெட் படகு. வெளியே விசிறி கிடையாது. அடியால் தண்ணீரை உறிஞ்சிப் பின்னால் பீச்சி ஓடும். பம்புக்குள் சுழலும் விசிறியைச் சுற்றிப் பித்தளை வளையம் ஒன்று உண்டு. மணல் அதைத் தின்றுவிட்டது. புது வளையம் கையில் இருக்கிறது. பழையதோ அலுமினியக் கூட்டோடு உப்புப் பூத்து இறுகிவிட்டது. கூட்டில் கீறல் விழுந்தால் புது வளையம் நிற்காது, படகு அதோடு சரி. மாரி வெள்ளத்தில் ரோட்டு மூழ்கிக் கிடக்க, சொறிக்கல்முனைக்கு ஆள் ஏற்றுவதுதான் என் பிழைப்பு. என் பெண்சாதி ஹாஜறா மவுத்தாகி மண்ணுக்குப் போன பிறகு நான் வாய் திறந்து கதைப்பதும் அதில் ஏறுகிறவர்களோடுதான்.

மெல்லிசாக அறுக்கிற வாள் பாண்டிருப்பில் நகை செய்கிற கனகரெத்தினத்திடம் இருந்தது. வீங்கிய விரலில் இருந்து மோதிரத்தை அறுத்தெடுக்கிற கை அது. ஆனால் எண்பத்தைந்தில் தமிழாக்களும் எங்கட ஆக்களும் மோதின கலவரத்தில் என் படகு வாடிக் கொட்டில் எரிந்த நாளிலிருந்து அவனோடு எனக்குக் கதை இல்லை. இருபது வருசம் அந்த வாடியில் வந்து குந்தியிருந்தவன், அன்று எட்டிப் பார்க்கவில்லை.

பம்பைத் தோளில் தூக்கிக்கொண்டு போனேன்.

"வெச்சிட்டுப் போங்க மீராசாஹிபுக் காக்கா, நாளைக்குத் தாறன்," என்றான், நேற்றுத்தான் பிரிந்தவன் போல.

"வெச்சிட்டுப் போற சோலி இல்ல. என்ட கண்ணுக்கு முன்னால அறு."

சிரித்தான். மடியில் துணி விரித்தான்.

"பித்தளைத் தூளுக்குமா துணி?"

"தங்கத் தூளுக்கு விரிச்சுக் கை பழகிட்டுது. தூளைப் பாத்துத்தான் அறுக்கணும். மஞ்சளா வந்தா வளையம். வெள்ளையா வந்தா உங்கட கூடு."

நான் தூளை விட்டுக் கண் எடுக்கவில்லை. நடுப்பகல் லுஹர் தொழுகைக்குப் பாங்கு கேட்டது.

"போய்த் தொழுதிட்டு வாங்க."

"நான் போனா நீ கூட்டையும் அறுத்திருவாய்."

பம்பையும் கிணற்றடிக்குத் தூக்கிப்போய், முகம் கை கால் கழுவி ஒழு எடுத்து, அவன் வீட்டு விறாந்தையிலேயே தொழுதேன். சாமிப்படம் இருந்த அறைக் கதவை அவன் பெண்சாதி செல்லத்தங்கம் யாரும் சொல்லாமலே சாத்தினாள்.

இரண்டு இடத்தில் அறுத்தான். கடதாசித் தடிப்பு மிச்சம் இருக்கும்போதே நிறுத்தினான். மரத்துண்டை வைத்துத் தட்ட, வளையம் உள்ளுக்கு மடிந்து விழுந்தது. கூட்டுக்குள் விரல் விட்டுத் தடவினேன். மறுபடியும் தடவினேன். கீறல் இல்லை.

"அண்டைக்கு எங்க இருந்தாய்?" என்று கேட்டேன்.

எந்த நாள் என்று அவன் கேட்கவில்லை. "கதவைப் பூட்டிட்டு உள்ளுக்க கிடந்தம். பயம் காக்கா."

"ரெண்டு வருசமாவா பயம்?"

துணியை மடித்தான். "நீங்களும் இஞ்சால வரல்லயே."

பம்பைத் தோளில் ஏற்றினேன். படலை வரைக்கும் வந்தான்.

"ஓடுதா எண்டு வந்து சொல்லுங்க."

"பாப்பம்."

வேலை சுத்தம்தான். அதற்காக அவன் சொன்னதையும் நம்பவேண்டும் என்று இல்லை. ரோட்டில் இறங்கி நடந்தேன்.