ஒரே வீட்டிலிருந்து இரண்டு விண்ணப்பங்கள்

குக்கர் நான்காவது முறையாக விசில் அடித்தபோது, கணினித் திரையில் தெரிந்த மூவரில் நடுவில் இருந்த பெண் பேராசிரியர் பேச்சை நிறுத்திப் புன்னகை செய்தார்.

"பரவாயில்லம்மா, அடங்கட்டும். அப்புறம் பேசலாம்."

அவள் கூச்சத்தோடு மன்னிப்புக் கேட்டுக்கொண்டாள். முந்தின நாள் இதே அறையில், இதே நாற்காலியில் அவளுடைய கணவன் அமர்ந்து, இதே நிறுவனத்தின் முனைவர் பட்ட நேர்முகத் தேர்வில் பேசியபோது அந்த வீடு மூச்சுவிடவும் அஞ்சியது. மாமியார் விடிந்ததும் சமையலை முடித்து அடுப்பை அணைத்துவிட்டார். வாசல் மணியின் கம்பி கழற்றப்பட்டது. மாமனார் தெருமுனையில் நின்று, காய்கறி வண்டிக்காரரை மறித்து, "இன்னைக்கு இந்தப் பக்கம் கூவாதப்பா, எம் பையனுக்குப் பரீட்சை" என்று திருப்பி அனுப்பினார்.

இன்று மணியின் கம்பி மீண்டும் பொருத்தப்பட்டிருந்தது. "உனக்கென்ன விஞ்ஞானி, எந்தச் சத்தத்துலயும் சமாளிச்சுக்குவ" என்று சொல்லிவிட்டு மாமியார் குக்கரை ஏற்றினார். அது பாராட்டா குத்தலா என்று ஆராய்ந்து பார்க்க அவளுக்கு நேரம் இருக்கவில்லை.

கணவனும் மனைவியும் ஒரே பாடத்தில் முதுகலை படித்தவர்கள். அவன் பெயின்ட் தொழிற்சாலையின் தரப் பரிசோதனைப் பிரிவில் வேலை பார்த்தான். அவள் ஒரு கல்லூரி ஆய்வகத்தில் உதவியாளராகச் சேர்ந்து, மண்ணில் சிந்திய எஞ்சின் எண்ணெயைத் தின்று செரிக்கும் ஒரு நுண்ணுயிரைக் கண்டெடுத்து, இரண்டு ஆண்டுகளாக அதையே கட்டிக்கொண்டு அழுதாள். முனைவர் பட்டத்துக்கு விண்ணப்பிக்கலாம் என்று முதலில் சொன்னவன் அவன்தான். அதை மறைப்பது நியாயமாகாது. "ரெண்டு பேருமே போடுவோம். யாருக்குக் கெடைச்சாலும் மத்தவங்க கூடப் போயிடறது" என்றான். அதை அவள் வேதவாக்காக எடுத்துக்கொண்டாள். விண்ணப்பக் கட்டுரை எழுத வரவில்லை என்று அவன் தலையைச் சொறிந்தபோது, "மாதிரிக்கு வெச்சுக்கோங்க" என்று தன்னுடைய கட்டுரையை வரைபடங்களோடு எடுத்துக் கொடுத்தவளும் அவள்தான்.

குக்கர் அடங்கியது. பெண் பேராசிரியர் அவளுடைய வரைபடம் ஒன்றைத் திரையில் காட்டினார்.

"ஆறாம் நாள் வரைக்கும் உங்க நுண்ணுயிர் நல்லா வளருது. ஏழாம் நாள் திடீர்னு படுத்துடுச்சே, ஏன்?"

அவளுக்கு முகம் மலர்ந்துவிட்டது. அவள் எதிர்பார்த்துக் காத்திருந்த கேள்வி அது.

"அன்னைக்கு எங்க வீட்டுக்கு விருந்தாளிங்க வந்திருந்தாங்க மேடம். என்னால லேபுக்குப் போக முடியல. கரண்ட் போய்ட்டு வந்திருக்கு. குடுவையக் குலுக்குற ஷேக்கர் நின்னுபோச்சு, திரும்பப் போட ஆளில்ல. குலுக்கலேன்னா உள்ள காத்துப் போகாது. காத்து இல்லேன்னா இது எண்ணெயத் தொடாதுன்னு அப்பதான் எனக்குப் புரிஞ்சுது. அடுத்த ஆறு மாசமும் அத வெச்சுத்தான் சோதனை செஞ்சேன்."

"விருந்தாளி வந்ததால ஒரு கண்டுபிடிப்பா!" என்று சிரித்த பேராசிரியர், சட்டென்று சிரிப்பை நிறுத்தினார். பக்கத்தில் இருந்த மூக்குக்கண்ணாடிக்காரரோடு தாழ்ந்த குரலில் ஏதோ பேசிவிட்டுத் திரும்பினார்.

"இதே கிராஃப நேத்து இன்னொருத்தர் காட்டினார்மா. ஏழாம் நாள் எண்ணெயில விஷம் சேர்ந்துடுச்சுன்னு காரணம் சொன்னார். அவர் விண்ணப்பத்துல இருக்குறதும் உங்க முகவரிதான்."

பேராசிரியர் இன்னொரு தாளைக் கையில் எடுத்தார்.

"கட்டுரையோட கடைசியில, 'இந்த ஆய்வில் எனக்கு ஒத்தாசையாக இருந்த என் மனைவிக்கு நன்றி'ன்னும் எழுதியிருக்கார்."

மூக்குக்கண்ணாடிக்காரர் குறுக்கிட்டார். "தப்பா எடுத்துக்காதீங்க. புருஷன் ஆராய்ச்சி பண்ணா மனைவி கூடமாட உதவறது சகஜம்தான். அப்படி உதவப்போயி, நம்ம வேலதானேன்னு நீங்களும் எழுதிட்டீங்களோ?"

இரண்டு விண்ணப்பங்கள் ஒன்றுபோல் இருந்தால், எது அசல், எது நகல் என்று தீர்மானிக்க அவருக்கு ஒரு நொடி போதுமானதாக இருந்தது. அறைக்கதவின் அடியில் இரண்டு பாதங்களின் நிழல் அசையாமல் நின்றிருந்ததை அவள் அப்போதுதான் கவனித்தாள். 'சேர்ந்து செய்தோம்' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவன் மானமும் தப்பும், வீட்டு அமைதியும் தப்பும். அந்த வார்த்தை தொண்டைவரை வந்தும்விட்டது.

"இல்லீங்க சார்" என்றாள். "நான் செஞ்சது. நான் மட்டும்தான் செஞ்சேன்."

குழு கலந்து பேசி எழுத்தில் தெரிவிக்கும் என்று சொல்லிப் பெண் பேராசிரியர் விடைபெற்றார். அவள் கதவைத் திறந்தாள். அவன் நகரவில்லை.

"எல்லாம் கேட்டுச்சுங்களா?"

"கத்தாத. மாதிரிக்குன்னு நீதானே குடுத்த?"

"அதப் பாத்து உங்களோடத எழுதறதுக்குக் குடுத்தேன். பேர மட்டும் மாத்திக்கறதுக்கா?"

"எங்கிட்ட என்ன இருக்கு எழுத? அஞ்சு வருஷமா பெயின்ட் காஞ்சுதா காயலையான்னு பாத்துட்டிருக்கேன்."

அந்த வாக்கியத்தில் மட்டும் பொய் இல்லை. அவள் மனம் சற்று இளகத்தான் செய்தது. ஆனால் அவன் அதோடு நிறுத்தவில்லை.

"அங்க இருக்கறது ஒரே எடம். எனக்குக் கெடைச்சா நீ கூட வருவ. உனக்குக் கெடைச்சா நான் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு உம் பின்னாடி வர்றது?"

"யாருக்குக் கெடைச்சாலும்னு சொன்னீங்களே?"

"சொல்றதுதான். பொண்டாட்டிகிட்ட எல்லாரும் சொல்றதுதான்."

திருடியதைக் காட்டிலும் இந்தப் பதில் அவளை அடித்துப்போட்டது. திருட்டைப் பயத்தில் செய்திருக்கலாம் என்று அவள் தனக்குள் ஒரு சமாதானம் தேடிக்கொண்டிருந்தாள். வாக்குக் கொடுத்த அன்றே அது வெறும் வாய்ப்பேச்சாக இருந்திருக்கிறது.

கரண்டியோடு மாமியார் வந்து நின்றார். "ஒரே வீட்டுல யாரு செஞ்சா என்ன? இந்த வீட்ட நின்னு கட்டினவ நான். செங்கல் எண்ணி எறக்கினவ நான். வாசப் பலகையில உங்க மாமா பேருதான் இருக்கு. நான் சண்டைக்கா போனேன்?"

"போயிருக்கலாம் அத்தை" என்றாள் அவள் மெதுவாக.

கரண்டியிலிருந்து ஒரு சொட்டு தரையில் விழுந்தது. மாமியார் அதைக் காலால் துடைத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

செய்தி அன்று மாலைக்குள் அவளுடைய பிறந்த வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. அம்மா தொலைபேசியில் அழுதார். "வீட்டு விஷயத்த வெளிய சொல்லிட்டியேடி. விட்டுக்கொடுத்தவங்க கெட்டுப்போனதில்ல கண்ணு."

"எப்பவும் யாரும்மா விட்டுக்கொடுக்கறது?"

"அடுப்புல பால் வெச்சிருக்கேன், போன வை" என்றார் அம்மா.

வெள்ளிக்கிழமை நிறுவனத்தின் கடிதம் இருவருடைய மின்னஞ்சலுக்கும் வந்தது. இருவரும் திங்கட்கிழமை நேரில் வரவேண்டும்; கணினியோ குறிப்புகளோ இன்றி, கரும்பலகையின் முன் நின்று, அந்த ஆய்வைத் தனித்தனியே விளக்கவேண்டும். அவர்கள் யாரையும் குற்றம் சொல்லவில்லை. யார் திருடியவர், யார் பறிகொடுத்தவர் என்று தெரியாதவர்களைப் போல, இருவருக்கும் ஒரே மரியாதையோடு எழுதியிருந்தார்கள்.

இரண்டு நாட்கள் வீட்டில் பேச்சுவார்த்தை இல்லை. ஞாயிற்றுக்கிழமை பிற்பகல், கல்யாணமாகி வந்த இத்தனை நாளில் முதல்முறையாக, மாமியார் அவளுக்குத் தேநீர் கொண்டுவந்து வைத்தார். ஆடு நனைகிறதே என்று எந்த ஓநாயும் சும்மா அழுவதில்லை என்பது அவளுக்குத் தெரியும். பின்னாலேயே அவன் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தான்.

"கோவம் போயிடுச்சா?"

அவள் தேநீர்க் கோப்பையை ஓரமாக நகர்த்திவைத்தாள்.

"இங்க பாரு. நாளைக்கு நான் அங்க தலகுனிஞ்சு நின்னா உனக்கு மட்டும் பெருமையா? ஒரு மணி நேரம் போதும். பத்துக் கேள்வி எழுதியிருக்கேன். எனக்குப் புரியற மாதிரி சொல்லிக் குடுத்துடேன்."

முதலில் அவளுக்குச் சிரிப்புத்தான் வந்தது. அவன் விளையாடவில்லை. தாளை நான்காக மடித்து, பேனாவையும் கையோடு கொண்டுவந்திருந்தான். அவளிடமிருந்து எடுத்துக்கொண்டதை அவளுக்கு எதிரே நின்று தன்னுடையது என்று சாதிக்க, அவளே பாடம் நடத்தவேண்டும். இதில் கேட்கக் கூசுவதற்கு ஏதும் இருப்பதாக அவன் முகத்தில் ஓர் அடையாளமும் இல்லை.

தாளை வாங்கிப் பிரித்தாள். முதல் கேள்வி: 'மண் எங்கே எடுத்தோம்?'

லாரிப் பட்டறையின் பின்பக்கத்தில் எடுத்தது அது. மூன்று மாதம், வாரந்தோறும் அங்கே போய்க் குந்தி உட்கார்ந்து அள்ளினாள். "ஊரெல்லாம் பொன்னு தேடுது, இந்தம்மா எங்க அழுக்கத் தேடுது" என்று மெக்கானிக்குகள் கேலி செய்தார்கள். நகக்கண்ணில் கிரீஸ் கருப்பேறிய கையோடு அவள் வீட்டுக்கு வந்து, அவனுக்குத் தட்டில் சாப்பாடு பரிமாறினாள். ஏன் கறுத்திருக்கிறது என்று அவன் ஒருநாளும் கேட்டதில்லை.

"புருஷனுக்குச் சொல்லிக்குடுத்தா தேஞ்சா போயிடுவ?" என்றார் கதவோரம் நின்ற மாமியார்.

அவள் தாளைப் பழைய மடிப்பிலேயே மடித்தாள். எழுந்து நின்று, பெரியவர்களுக்குக் கொடுப்பதுபோல இரண்டு கைகளாலும் அதை அவனிடம் நீட்டினாள்.

"நீங்க செஞ்ச ஆராய்ச்சிங்க" என்றாள். "உங்களுக்குத் தெரியாததயா நான் சொல்லிடப் போறேன்?"