தனக்கோடி சொன்ன ஐம்பது நிமிஷம்

...ஐம்பது என்றுதான் தனக்கோடி சொன்னாள், அதில் சந்தேகமே இல்லை, பேட்டரி ஓடுவது ஐம்பது நிமிஷம், அதற்கு மேல் ஒரு நிமிஷம் கேக்காதீங்க மொதலாளி என்று, அமிலம் தெறித்துச் சல்லடையாகிப்போன முந்தானையை இடுப்பில் இழுத்துச் செருகிக்கொண்டே சொன்னாள், நான்தான் அதை எழுபத்தைந்தாக்கி, படகு மோட்டார் வாங்க வந்த ஓஸ்வால்டிடம் சொன்னேன், இப்போது அல்சூர் ஏரியின் நடுவில் என் கைக்கடிகாரம் இருபத்தெட்டு நிமிஷம் காட்டுகிறது, படகின் மூக்கோ இன்னும் எதிர்க்கரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறது, ஓஸ்வால்ட் சீட்டியடிக்கிறார்... ஏன் சீட்டியடிக்க மாட்டார், முப்பது வருஷம் ரயில் எஞ்சின் ஓட்டிய மனிதர், இரண்டு வருஷத்துக்கு முன் வாதம் வந்து இடது கை தொங்கிப்போனதிலிருந்து துடுப்புப் பிடிக்க முடியாமல் கரையிலேயே தூண்டிலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர், இன்றைக்குத்தான் தண்ணீரில் இருக்கிறார். கரையில் டோரீன் குடையோடு நிற்கிறாள், அவருடைய சம்சாரம், அவள் போட்ட நிபந்தனை இன்னும் காதில் இருக்கிறது, துடுப்பு கரையிலேயே கிடக்கட்டும், மோட்டார் தானா கூட்டிட்டுப் போய் தானா கூட்டிட்டு வந்தா சரி, நடுவுல நின்னுதோ, அப்புறம் இந்த மனுஷன் குளிக்கறதுக்குத் தவிர தண்ணியத் தொடக் கூடாது. டோரீன் சொன்னால் சொன்னதுதான், அவளிடம் பேரம் கிடையாது.

பேரம்... அங்கேதானே இடறினேன். இரும்புக்கடைக்காரர் வீட்டில் பிறந்தவன் நான், துண்டுக்கடியில் விரல் பிடித்து விலை பேசுகிறவர்கள் நடுவில் நடை பழகியவன், யார் எந்த எண்ணைச் சொன்னாலும் அதற்குள் ஒரு பகுதி ஒளித்து வைத்திருப்பான் என்பது என் ரத்தத்தில் ஊறியது, வைத்தியர் மூன்று வேளை என்றால் இரண்டு போதும், சம்பந்தி நாற்பது பேர் வருகிறோம் என்றால் அறுபது இலை போடு, அப்படியிருக்க பேட்டரி சார்ஜ் போடுகிற தனக்கோடி ஐம்பது என்றால் எழுபத்தைந்தையாவது மடியில் முடிந்து வைத்திருக்க மாட்டாளா? ஆனால் அவள் அந்த ஐம்பதுக்கு வந்த வழியை நான் பக்கத்தில் நின்று பார்த்தேனே, பார்த்துமா புத்தி வரவில்லை? ராணுவச் சாமான் ஏலத்தில் நான் எடுத்த இந்த மின்சார மோட்டாரைத் தண்ணீர்த் தொட்டியில் ஓட்டிக் காட்டினேன், சிரித்தாள், தொட்டியில ஓடறது பொண்ணு பாக்கப் போற அன்னிக்கி மாதிரி, எல்லாம் அடக்கமாத்தான் தெரியும், ஏரிக்கு எடுத்துட்டு வாங்க, ரெண்டு பேர் பாரம் ஏத்திப் பாக்கணும் என்றாள். நானும் அவளும் ஏறி உட்கார்ந்தோம், கரையோரம் ஓட்டினோம், மடியில் வைத்திருந்த மீட்டரில் முழு வேகத்துக்கு முப்பது ஆம்பியர். பேட்டரி மேலே எண்பது என்று எழுதியிருந்தது, எழுதினவன் புதுசுல எழுதினான், இது மூணு வருஷம் லாரியில அடி வாங்கினது, பாதி போச்சு, ஒவ்வொரு அறையிலும் கண்ணாடிக் குழலை விட்டு அமிலத்தை உறிஞ்சி மிதவையைப் பார்த்தாள், மிதந்தால் சார்ஜ், மூழ்கினால் காலி, நாலாவது அறையில் கொஞ்சம் நின்று முகம் சுளித்தாள், இவன் சோம்பேறி, மத்த அஞ்சு பேரும் இவனுக்காக நிப்பாங்க, அதுக்குக் கொஞ்சம் கழி, அவசரமா உறிஞ்சினா உள்ளதும் பூராத் தராது, அதுக்குக் கழி, திரும்பும்போது எதிர்காத்து, அதுக்கும் கழி... காகிதமில்லை, பென்சிலில்லை, என் வம்சத்தில் யாரும் இவ்வளவு சுத்தமாகக் கழித்ததில்லை, நாங்கள் கழிப்பதெல்லாம் திரும்பக் கூட்டிக்கொள்வதற்கு. மெதுவாகப் போனால் எவ்வளவு என்று சொல்லக்கூட வாயெடுத்தாள், மெதுவாய்ப் போகிற மோட்டாரை எவன் வாங்குவான் என்று நான்தான் கையமர்த்திவிட்டேன், மடையன்.

முப்பது. இனி இருபது. வரும்போது காற்று முதுகைத் தள்ளியது, போகும்போது முகத்தில் அறையும், இருபதில் பாதி ஏரிகூடத் தாண்டாது... சொல்லிவிடலாமா? சொன்னால் என் வாக்கு போகும், சொல்லாவிட்டால் அவர் ஏரி போகும். எது கனம் என்று தராசில் வைத்துப் பார்க்கிறேனே, இந்தப் பழக்கம் சுடுகாடு வரைக்கும் வருமோ? ஓஸ்வால்ட் சார், அந்த எழுபத்தஞ்சு இருக்கே... என்ன மேன், இருக்கா இல்லையா? கொஞ்சம் முன்னப்பின்ன... முன்னயா, பின்னயா? பின்ன சார், ஐம்பது. சீட்டி நின்றது. தூரத்தில் ரயில் கைகாட்டி விழவில்லை என்று கண்டவரைப் போல ஒரு கணம் என்னைப் பார்த்தார், நல்ல கையால் படகைத் திருப்பினார், விசையைக் கீழே தட்டினார், சத்தம் பாதியாகியது. எஞ்சின்ல தண்ணி பத்தலைனா என்ன செய்வோம் தெரியுமா, நீராவி வீணாகும்னு விசில்கூட ஊத மாட்டோம், வாயை மூடிட்டுக் குனிஞ்சு உக்காரு, உன் தொப்பைதான் இப்ப காத்துக்குப் பாய்மரம். குனிந்தேன். நேரே போகாமல் தீவின் மரங்களுக்குப் பின்னால் ஒதுங்கினார், அங்கே காற்றில்லை, பிறகு நாணல் ஓரமாக, எருமை நடப்பது போல, ஆனால் நடந்தது, நிற்கவில்லை. ஐம்பதாவது நிமிஷம் வந்தது... போனது, மோட்டார் முணுமுணுத்துக்கொண்டேயிருந்தது. மீட்டர் முள் பன்னிரண்டில் நின்றது, முப்பது எங்கே பன்னிரண்டு எங்கே, அவள் சொல்ல வந்தது இதுதானே? ஒருத்தி பேட்டரியின் வயிற்றைப் படித்திருக்கிறாள், ஒருத்தர் காற்றைப் படிக்கிறார், நடுவில் குனிந்து கிடக்கும் நான் எதைப் படித்தேன், மனிதர்களையா? அதையாவது ஒழுங்காகப் படித்தேனா?

எண்பத்தோராவது நிமிஷம் படிக்கட்டில் முட்டினோம். மோட்டார் கிழவி இருமுவது போல இரண்டு தரம் சுற்றி அடங்கியது, டோரீனுக்கு அது தெரியவில்லை, அவள் கண்டது புருஷன் தானாகப் போய்த் தானாக வந்ததை மட்டும், குடையை மடக்கினாள், சரி, சனிக்கிழமை சனிக்கிழமை போகட்டும் என்றாள், ஓஸ்வால்ட் என்னைப் பார்த்து ஒரு கண்ணை மட்டும் மூடித் திறந்தார். படிக்கட்டில் காத்திருந்த தனக்கோடி யாரையும் பார்க்கவில்லை, பேட்டரி மூடியைத் திருகிக் குழலை உள்ளே விட்டாள், மிதவை அடியில் போய் உட்கார்ந்தது. அவருகிட்ட எவ்ளோனு சொன்னீங்க மொதலாளி? எழுபத்தஞ்சு. குழலைத் துடைத்துக்கொண்டே, அவ்ளோதானா, நான் நூறு சொல்லியிருப்பீங்கனு நெனச்சேன் என்றாள்.

நூறு என்று நினைத்திருந்தாளா... அப்படியானால் சோம்பேறி அறைக்கும் எதிர்காற்றுக்கும் கழித்த கையோடு என் கூட்டலுக்கும் சேர்த்துக் கழித்துவிட்டுத்தான் ஐம்பது என்றாளா, இல்லை அது சுத்தமான ஐம்பதேதானா? கேட்டால் சொல்லிவிடுவாள், ஒளிக்கிறவளில்லை. ஆனால் அவள் சொல்லப்போகும் பதிலோடு எவ்வளவு கூட்டுவது, எவ்வளவு கழிப்பது என்று தெரியாமல், துண்டு போட்டு மூடாத என் வெறுங்கையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன், விரல் ஒன்றும் மடங்கவில்லை...